ஆசேர் கோத்திரத்துக் கிழவி

சேவூர், ஆரணி
14-2-1979

கர்த்தருக்குள் பிரியமான மகள் லீலாவுக்கு அம்மா எழுதுவது. நான் நடமாட்டமாக இருக்கிறேன், முழங்கால் வலி தவிர வேறு குறையில்லை. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று ஆண்டவரைக் கேட்டுக்கொள்கிறேன். பட்டுப்புடவை விற்க பம்பாய் போய்வரும் லோகநாதன் முந்தாநாள் வந்தார். தாதர் ஸ்டேஷனில் உன்னை இடுப்பில் குழந்தையோடு பார்த்தாராம், ரயில் புறப்படுகிற அவசரத்தில் நீ விலாசம் மட்டும் எழுதிக் கொடுத்தாயாம். எட்டு வருஷத்தில் உன்னைப்பற்றி எனக்கு வந்த முதல் சேதி இதுதான்.

உன் அப்பா போன ஆடியில் காலமாகிவிட்டார். இரண்டு நாள் காய்ச்சல்தான். உனக்குச் சொல்லி அனுப்ப வழி தெரியவில்லை. கடைசிவரை உன் பேரை எடுக்கவில்லை, ஆனால் உன் டிரங்குப் பெட்டியை யாரும் தொட விட்டதில்லை. அவர் போனபிறகு வீட்டில் பேச்சுச் சத்தமே கிடையாது. ரைஸ் மில் களத்தில் நெல் காயவைத்துவிட்டு வந்தால் ஒரு ஆளுக்கு உலைவைக்கக் கை வரவில்லை, இரண்டு பேருக்குப் பொங்கிவிட்டு மறுநாள் அதையே தண்ணீர் ஊற்றிச் சாப்பிடுகிறேன். சாயங்காலம் பக்கத்துத் தெருவில் தறிச்சத்தம் அடங்கினதும் வேதத்தை எடுத்து எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படிப்பேன், வீட்டில் ஒரு குரலாவது கேட்கட்டும் என்றுதான்.

அப்படிப் படிக்கும்போதுதான் அன்னாளிடம் வந்து நின்றேன். குழந்தை இயேசுவை ஆலயத்தில் பார்த்த விதவைக் கிழவி. பிரசங்கத்தில் எத்தனையோ தடவை கேட்டதுதான், ஆனால் அவள் ஆசேர் கோத்திரத்தாள் என்று அரைவரி இருப்பது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. போதகர் ஐயாவிடம் கேட்டேன். அந்தக் கோத்திரத்தை எழுநூறு வருஷத்துக்கு முன்பே அந்நிய ராஜா சிறைபிடித்துப் போனான், கூட்டமாகத் திரும்பி வந்ததே இல்லை என்றார். எல்லாரும் கைகழுவின கோத்திரத்தின் பேரை ஆண்டவர் மட்டும் விடாமல் வைத்திருந்து, துணையில்லாத ஒரு கிழவியின் பேர் பக்கத்தில் எழுதவைத்திருக்கிறார். உன் சந்ததியைக் கைவிடமாட்டேன் என்று ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்கை மறந்து அவர்களை அவர் விட்டுவிடவில்லை. அன்றைக்கு ராத்திரி முழுக்க உன் நினைப்புதான்.

போன மாதம் ஆராதனை முடிந்து சபைப் பதிவேட்டைச் சரிபார்த்தார்கள். வருஷக்கணக்கில் வராதவர்கள் பேரை அடித்துக்கொண்டே வந்தார்கள். நம் குடும்பம் வந்ததும் மூப்பர் வீரபாகு, "அந்தப் பொண்ணு வேற சாதியில கட்டிகினு பூட்டா, எட்டு வருசமா தகவல் இல்ல, அடிச்சிடுங்க ஐயா" என்றார். போதகர் பேனாவை எடுத்தார். நீ மாப்பிள்ளையோடு வாசலில் வந்து நின்ற அன்றைக்கு அப்பா கதவைச் சாத்தினாரே, நான் உள்ளேதான் நின்றேன் லீலா, வாய் திறக்கவில்லை. இத்தனை வருஷமும் அது நெஞ்சில் கிடந்து அறுக்கிறது. இந்தத் தடவை எழுந்து நின்றேன். "ஆசேர் கோத்திரத்த ஆண்டவரு எழுநூறு வருசம் பேரு அடிக்காம வச்சிகினு இருந்தாருங்க. நீங்க எட்டு வருசத்துக்கே பேனா எடுக்கிறீங்க. அவளுக்கு ஞானஸ்நானம் குடுத்த அன்னிக்கி வாக்கு சொன்னது ஆண்டவருதான், கைக்கொழந்தையா இருந்த அவ இல்ல. அவ வரலைன்னாலும் அவரு வாக்கு நிக்கும்" என்றேன். அப்போது நீ உயிரோடு இருக்கிறாயா என்றுகூட எனக்குத் தெரியாது. போதகர் பேனாவை மூடிவிட்டு அடுத்த பக்கம் புரட்டினார். உன் பேர் என் பேருக்குக் கீழே அப்படியே இருக்கிறது. வீரபாகு இன்னும் என்னோடு பேசுவதில்லை, அது போகட்டும். வீட்டுக்கு வந்தபிறகு இதைச் சொல்லிச் சந்தோஷப்பட ஓர் ஆள் இல்லை, அதுதான் அன்றைக்கு அழுகையாக வந்தது.

நீ வரவேண்டும் என்று கேட்க எனக்கு வாயில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன் என்று மாப்பிள்ளையிடம் சொல். பம்பாய் மழை பொல்லாதது என்கிறார்கள், நனைந்து வந்தால் பிள்ளைக்கு உடனே தலை துவட்டிவிடு. கர்த்தர் உங்கள் மூவரையும் தம் செட்டைக்குள் வைத்துக் காப்பாராக. ஒன்று மட்டும் மறக்காதே. பிள்ளை ஆணா பெண்ணா என்றுகூட லோகநாதனுக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு நாளாக லீலாவின் பிள்ளை என்றே சொல்லி ஜெபிக்கிறேன். வேறொன்றும் எழுதத் தோன்றாவிட்டாலும் ஒரு கார்டில் அதன் பேரை மட்டும் எழுதிப் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெயம்