கடலுக்குள் இரண்டு தெரு

மஸ்கட்

அன்புள்ள தேவிகா,

நான் நலம். அம்மாவின் இருமல் குறைந்ததா? போனில் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுகிறோம், அதனால் எழுதுகிறேன்.

நேற்று சாப்பிடும்போது என் அறையில் தங்கியிருக்கும் மதுரைக்காரர் சோலைமலை நம் ஊரைப் பற்றிக் கேட்டார். திருவொற்றியூர்க் கரையில் முதலில் நம் குப்பம்தான் இருந்தது, கம்பெனிகள் வந்த பிறகு ஆந்திராக்காரர்கள் வந்தார்கள், பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் வந்தார்கள் என்றேன். கடலை ஒட்டிய மூன்றாம் தெருவில் நம் வீடு என்றதும் சிரித்தார்.

"அப்ப மொத ரெண்டு தெரு எங்கய்யா?"

"தண்ணிக்குள்ள கீதுண்ணே. 'மொதத் தெரு மேல வலைய வுடாதடா, செவுத்துல மாட்டிக்கும்'னு எங்க நைனா இன்னும் சொல்லிகினு கீறாரு."

அவர் அப்புறம் சிரிக்கவில்லை.

இரவு கனவில் படகில் வீட்டுக்கு வந்தேன். அடியில் முதல் தெருவில் விளக்கு எரிந்தது. இரண்டாம் தெருவில் யாரோ வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் தெரு வந்த பிறகும் படகு தரை தட்டவில்லை. வெறும் கனவுதான், பயப்படாதே.

ஊரிலிருந்து யாராவது வந்தால் கொஞ்சம் நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்பு. வேலைக்கு வண்டி வந்துவிட்டது. நம் வாசற்படியை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. போன முறைபோல் கடலை மறைத்துக்கொண்டு நிற்காதே.

உன்
தேசப்பன்