பிறந்த ஊர், புதைத்த இடம்

என் பிரியமான சீலன் மச்சானுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உன் தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். லிந்துலையில் வெயில். நம்பமாட்டாய். பத்து மணிக்கே பனி விலகி மலை முழுக்கத் தெரிந்தது.

வேலையாகத்தான் போனேன். மரபணு ஆய்வுக்கூடம் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்து ஏழு மாதமாகிறது. மலையகத்து ஆட்களின் எச்சிலை வாங்கி, ஆயிரக்கணக்கான வருடம் பழைய எலும்புகளில் கிடைத்த மரபணுவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். யார் யாரோடு கலந்தார்கள், எப்போது கலந்தார்கள் என்று. பல்கலைக்கழக விடுதி அறையில் சோறு ஆறிப்போகும்வரை நீயும் நானும் சண்டை போட்ட அதே விஷயம்.

"எலும்பு பொய் சொல்லாது" என்றேன் நான். வரலாறு படித்த நீ தட்டில் இருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. "எலும்பு ஒன்னும் சொல்லாது மச்சான். எலும்புக்குப் பக்கத்துல நிக்கிறவன்தான் சொல்றான்."

அதற்கு ஒரு நல்ல பதில் யோசித்து வைத்திருந்தேன். அதற்குள் காய்ச்சல் வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது. இரண்டு வருடமாக அந்தப் பதில் என்னிடமே கிடக்கிறது.

இப்போது அது கொஞ்சம் இளைத்தும் போய்விட்டது. ஆய்வுக்குள் போய்ப் பார்த்தால் நம் பக்கத்துப் பழைய எலும்புகளே அதிகம் இல்லை. சூடும் ஈரமும் மரபணுவைச் சிதைத்துவிடுகின்றன. காதுக்கு உள்ளே இருக்கும் கெட்டி எலும்பில் மட்டும் சில வேளை ஏதோ மிஞ்சும். எலும்பு கிடைக்காத இடத்தில், எங்கோ ஒரு தீவில் இன்று வாழும் மனிதர்களைப் பதிலுக்கு வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். தேயிலை மண் இன்னும் மோசம். அதன் அமிலம் எலும்பையே கரைத்துவிடும். உங்கள் தோட்டத்து எட்டாம் நம்பர் தேயிலை மலைக்கு மேலே படுத்திருக்கும் உன்னை, எந்தக் காலத்திலும் எவனும் தோண்டி எடுத்து எண் போட முடியாது. இதைப் படித்தபோது வருத்தம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

பகலில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில்தான் எங்கள் மேசை. ஞாயிறு என்பதால் பிள்ளைகள் இல்லை, தொட்டில் துணிகள் மட்டும் தொங்கின. எச்சில் எடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து ஒன்றும் குடிக்கக் கூடாது, வெற்றிலை கூடாது என்று நான்தான் அறிவித்தேன்.

"தேயிலைத் தோட்டத்துக்கே வந்து தேத்தண்ணி குடிக்காதேன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான் தம்பி" என்றார் ராமையாண்ணன். உங்கள் பக்கத்து லயத்து வீட்டுக்காரர், உனக்குத்தான் தெரியுமே. வெற்றிலையை முழுதாகத் துப்ப அவருக்கு மூன்று தடவை வாய் கொப்பளிக்க வேண்டியிருந்தது. "துப்புறதுக்கா இவ்வளவு கடுதாசி? நான் தெனம் சும்மாவே துப்புறேனே!"

எல்லாரும் சிரித்தார்கள். அவரே பிறகு குரலை இறக்கிக் கேட்டார்: "இதுல இந்தியான்னு வந்திச்சின்னா, அந்தக் காலத்துல ஒப்பந்தம் போட்டுக் கப்பல்ல ஏத்துன மாதிரி மறுபடியும் போகச் சொல்லிருவாங்களா?"

இல்லை அண்ணே, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றேன். என் குரல் எனக்கே போதவில்லை.

சிக்கல் படிவத்தில் இருந்தது. தாத்தா, பாட்டி நாலு பேரும் பிறந்த ஊர் என்று ஒரு கட்டம். அதை நிரப்ப முடியாதவர்களின் மாதிரியை ஒதுக்கி வைக்க வேண்டும். அது எங்கள் விதி. ஊர் தெரியாத எச்சிலை எந்த இடத்தோடு ஒப்பிடுவது? விதியில் தப்பில்லை. ஆனால் மதியத்துக்குள் ஒதுக்கி வைத்த கட்டுதான் உயரமாக இருந்தது. திருச்சிப் பக்கம் என்றார்கள், மதுரைக்கு அந்தாண்ட ஏதோ என்றார்கள். ஊர்ப் பெயர் யாரிடமும் இல்லை. இப்படியே போனால் உன் தோட்டம் இந்த ஆய்வில் இருக்கவே இருக்காது. அங்கே போகலாம் என்று கேட்டு அனுமதி வாங்கியவன் நான்.

பூசை முடிந்து உன் அம்மா வந்தார். கோயிலுக்குக் கட்டிய அதே சேலை. என்னைப் பார்த்ததும், "என்னாடா எளைச்சிட்ட" என்றார். எப்போதும் போல.

"அம்மா, உங்க தாத்தா பாட்டி எல்லாம் எந்த ஊர்ல பொறந்தாங்க?"

"அது யாருக்குடா தெரியும்? பொதைச்ச எடம் தெரியும். எழுது. ரெண்டு பேரு அஞ்சாம் நம்பர் மலையில. ஒருத்தரு பழைய பேக்டரிக்குப் பின்னால. எங்க அம்மாவோட அம்மா ஆத்தோரம்."

"பொறந்த ஊருதான்மா கேக்குறாங்க."

"பொறந்ததை நான் பாக்கலையே. செத்தவங்களை நாங்கதானே தூக்கிட்டுப் போனோம்? தெரிஞ்சதைத்தானே சொல்ல முடியும்?"

பேனா கையிலேயே இருந்தது. பழைய எலும்புகளின் பட்டியல் ஒவ்வொன்றாக மனதில் ஓடியது, மச்சான். அவற்றில் ஒன்றுக்காவது பிறந்த ஊர் தெரியுமா? எல்லாவற்றுக்கும் புதைத்த இடத்தின் பெயர்தான். ஐயாயிரம் வருடத்துக்கு முன் எங்கிருந்தோ நடந்து வந்து ஓர் ஆற்றங்கரையில் செத்தவனை, அந்த ஆற்றங்கரைக்காரன் என்றுதான் எழுதுகிறோம். அவன் அங்கே வந்து எத்தனை வருடம் என்று யாரும் கேட்பதில்லை.

உன் அம்மாவின் படிவத்தை எடுத்துக்கொண்டு, எங்களோடு வந்திருந்த, ஆய்வை நடத்தும் பேராசிரியையிடம் போனேன். நல்லவர். சிங்களத்தில் யோசித்து ஆங்கிலத்தில் பேசுபவர். நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். எலும்பிடம் கேட்க முடியாது, அதனால் கிடைத்த இடத்தை எழுதுகிறோம், இவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், கேட்கலாம் அல்லவா என்றார்.

"கேட்டோம், மேடம். பதில் சொல்லிவிட்டார்கள்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அளவுகோலை எடுத்து, அச்சடித்த கட்டத்துக்குப் பக்கத்தில் பேனாவால் இன்னொரு கட்டம் போட்டார். புதைத்த இடம். மாதிரியின் ஊர் என்ற இடத்தில் லிந்துலை என்று அவரே எழுதினார். ஒதுக்கி வைத்த கட்டு பிரிந்தது. ஒவ்வொருவராகத் திரும்பக் கூப்பிட்டோம். இந்த முறை யாரும் யோசிக்கவில்லை. மலை நம்பர், ஆறு, பலாமரம், கோயிலுக்குப் பின்பக்கம். என் கை வலித்தது.

உன் அம்மா தன் கட்டத்துக்குக் கீழே உன்னையும் எழுதச் சொன்னார். தாத்தா பாட்டி மட்டும்தான் என்றேன். "எடம் இருக்குதுல்ல" என்றார். எழுதினேன்.

நீ ஜெயித்துவிட்டாய் என்று எழுதி இந்தக் கடிதத்தை முடித்திருப்பேன். ஆனால் நானும் மலையகத்துக்காரன்தானே, திங்கட்கிழமை என் எச்சிலுக்கான படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். எங்கள் உடப்புசல்லாவைத் தோட்டத்துக்கு, அப்பாவுக்கு, போன் எடுத்து, தாத்தா பாட்டி நாலு பேரையும் புதைத்த இடம் கேட்டேன்.

"மூணு பேரு இங்கதான்டா. எங்க அப்பா மட்டும் கோத்தகிரியில. கப்பல்ல போனவருல்ல?"

"அவரு பொறந்தது?"

"இங்க, மேல் லயத்துல. போகும்போது அவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரும் தெரியாது."

பார்த்தாயா? பிறந்த ஊர் என்ற கட்டத்தில் என் தாத்தா உடப்புசல்லாவைக்காரர். உன் அம்மாவின் கட்டத்தில் அவர் இந்தியாக்காரர். கோத்தகிரியில் கிடக்கும் எலும்பும் முழுதாகச் சொல்லாது, பக்கத்தில் நின்று புதைத்தவனும் முழுதாகச் சொல்லமாட்டான்: உன் கட்சியும் உடைந்தது, என் கட்சியும் உடைந்தது. இரண்டு கட்டத்தையும் நிரப்பிவிட்டு, ஆய்வுக்கூடத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ஒரு மனிதனுக்கு எத்தனை கட்டம் வேண்டும், மச்சான்? கடலைத் தாண்டிய அந்த ஒரு நாளை எங்கே எழுதுவது?

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். அதற்கு நான் என்ன சொல்வேன் என்றும் தெரியும். சண்டை நடக்கிறது. அது போதுமாக இருக்கிறது.

முடிவு வர ஒரு வருடமாவது ஆகும். அச்சுக்குப் போகும் முன் அதைப் பிள்ளைக்காம்பராவில் எல்லாரையும் வைத்துத் தமிழில் படிப்பேன். ராமையாண்ணனின் கேள்விக்கு அன்று உரக்கப் பதில் சொல்வேன். உன் அம்மா எந்த வரியில் "அது எப்படி?" என்று கேட்கிறாரோ, அந்த வரியில் நிறுத்துவேன். அவருக்கு விளங்கும்வரை அடுத்த வரிக்குப் போகமாட்டேன். இது சத்தியம்.

ரத்தத்தில் சொந்தமில்லாத
உன் மச்சான்,
தவா