சம்பல் பெட்டியின் மூடி

ஐசே,

உம்முடைய ஐஸ்கிறீம் பெட்டியின் மூடி இப்போது இக்காஸ்டில், என் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. பெட்டி இல்லை. மூடி மட்டும், ஓரத்தில் பல்லுத் தடம். மோந்து பார்த்தேன். எத்தனை முறை கழுவினீரோ, இடிசம்பலின் செத்தல் மிளகாய் மணம் இன்னும் போகவில்லை. நான் தும்மிய தும்மலில் டென்மார்க்கின் இந்த யூலண்ட் மாடுகள் அத்தனையும் திடுக்கிட்டிருக்கும்.

உமது மகள்தான் சில்க்போர்க்கிலிருந்து கொண்டுவந்தாள். நீர் கண்ணை மூடிச் சில மாதங்களாகின்றன. நிலவறையை ஒதுக்கும்போது நீர் ஆலைக்குப் போட்டுப்போகும் சப்பாத்துகளுக்கு அடியில் இருந்ததாம்.

"இதை ஏன் பெரியப்பா, அப்பா எறியேல்லை?"

தொண்டையைச் செருமினேன். நாம் இருவரும் சுற்றுலா போய்வந்த தன்சானியாவைப் பற்றி நான் சொல்லும் கதை உமக்குத் தெரியும். நாம் உண்மையில் கண்ட சிங்கம் ஒன்று, அதுவும் நித்திரை. முதல் நத்தார்ப் பண்டிகையில் நான் சொன்னபோது அது எழும்பி நம் கூடாரத்தைச் சுற்றியது. அடுத்த நத்தாருக்குக் குடும்பத்தோடு வந்தது. பிரெடெரிசியாக் கலியாண வீட்டில் சொன்னபோது செரெங்கெட்டியில் வேறெங்கும் சிங்கம் மிச்சமில்லை. எல்லாம் நம் வாசலில் வரிசையில் நின்றன. நீர் பக்கத்திலிருந்து சோற்றைப் பிசைந்தபடி, "அண்ணை, கொஞ்சம் குறையுங்கோ" என்பீர். அந்த ஒரு வரி இருக்கிறது என்ற தைரியத்தில்தான் நான் அவ்வளவு தூரம் போனேன்.

"சிங்கம் வேண்டாம்," என்று மகள் கையைக் காட்டினாள். "வீட்டிலை அப்பா வேலைக்குப் போவார், வருவார், செய்தி பாப்பார், படுப்பார். அங்கை எப்பிடி இருந்தவர் எண்டு உங்களுக்கு மட்டும்தான் தெரியும். உள்ளதைச் சொல்லுங்கோ."

சங்கடம் என்னவென்றால், உள்ளதுதான் நம்ப முடியாதது.

அருஷாவில் லொறி ஏறியதுமே ஓட்டுநர் சொல்லிவிட்டார்: கூடாரத்துக்குள் சாப்பாடு கூடாது, எல்லாம் லொறிப் பெட்டியில் பூட்ட வேண்டும். கூட வந்த டேனிஷ்காரர் சூயிங்கத்தைக்கூட ஒப்படைத்தார்கள். நீர் மட்டும் சம்பல் பெட்டியைத் தலையணைக்குக் கீழே வைத்தீர்.

"சம்பல் சாப்பாடே, அண்ணை? தொட்டுக்கொள்ளுறதுதானே."

இப்படி ஒரு வாதத்தை உலக நீதிமன்றமே கேட்டிருக்காது. நானும் தலையாட்டினேன். சம்பல் இல்லாமல் அந்தச் சோளக்களியை எப்படி விழுங்குவது?

வழியில் மசாய் ஊரொன்றில் இறங்கினோம். எத்தனை மாடு வைத்திருக்கிறீர் என்று அங்கே ஒரு பெரியவர் உம்மைக் கேட்டார். "வீட்டைச் சுத்தி முழுக்க மாடுதான். ஆனா ஒண்டும் என்ரை இல்லை," என்றீர். ஓட்டுநர் அதை மொழிபெயர்த்ததும் பெரியவர் உமது தோளைத் தடவிவிட்டு, இந்த ஏழைக்கு முதலில் ஊற்றுங்கள் என்று தேநீரைக் காட்டினார். நீர் மறுக்காமல் குடித்தீர்.

அடுத்த நாள் நடுப்பகல், முகாமில் ஒரு பபூன் குரங்கு கூடாரத்தின் சிப்பை இழுத்துத் திறந்து, பெட்டியோடு போனது. பபூனின் பல்லைக் கண்டவர்கள் பின்னால் ஓடுவதில்லை. எல்லாரும் லொறிக்குள் பாய்ந்தோம், முதலில் நான். நீர் மட்டும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் பின்னால் ஓடினீர்.

"விடடா! வைச்சிட்டுப் போடா! மனிசி இடிச்சுத் தந்ததடா!"

ஆலை இயந்திரச் சத்தத்துக்கு மேல் ஒருநாளும் குரல் எழுப்பாத மனிதர் நீர். பபூன் நின்று பார்த்தது. மூடியைக் கடித்துப் பிடுங்கி எறிந்தது, ஒரு பிடி அள்ளி வாய்க்குள் திணித்தது. பிறகு அலறிக்கொண்டு, பெட்டியையும் விடாமல் புதருக்குள் மறைந்தது. நீர் மூடியோடு திரும்பி வந்தீர்.

இவ்வளவையும் கூட்டாமல் சொன்னேன். அந்த ஒரு குரங்கைப் பட்டாளமாக்க நாக்குத் துடித்தது, கடித்துப் பிடித்துக்கொண்டேன். மகள் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்கடை அப்பா கத்தினவரோ? போங்கோ பெரியப்பா. இது எங்கையோ நாய் கடிச்சிருக்கும்."

நீர் வாயைத் திறக்க வேண்டிய இடம், ஐசே. பக்கத்துக் கதிரையில் யாரும் இல்லை. குறைப்பதற்கும் கதையில் எதுவும் இல்லை.

அவள் எழும்பி ஜாக்கெட்டை எடுத்தாள். அப்போதுதான் மிச்சம் நினைவுக்கு வந்தது. பெருப்பிக்க ஒன்றுமில்லை என்று நான் எந்தக் கலியாண வீட்டிலும் சொல்லாத துண்டு.

"அண்டைக்கு அப்பா மத்தியானம் சாப்பிடேல்லை, பிள்ளை. புதரையே பாத்துக்கொண்டு இருந்தவர். பக்கத்தாலை ஒட்டகச்சிவிங்கி போனது, திரும்பியும் பாக்கேல்லை. பிறகு என்னட்டைக் கேட்டவர், 'அண்ணை, அந்தச் சீவனுக்குத் தண்ணி கிடைச்சிருக்குமோ?'"

ஒரு கை ஜாக்கெட்டுக்குள் போனபடி அவள் நின்றுவிட்டாள்.

"யா," என்றாள் டேனிஷில். பிறகு தமிழில், "ஓம். அது அப்பாதான்."

மூடியை எடுத்துப் போகவில்லை. "உங்களிட்டை இருக்கட்டும். கதை சொல்லேக்கை முன்னாலை வைச்சுச் சொல்லுங்கோ," என்றாள்.

வருகிற சனிக்கிழமை ஹேர்னிங்கில் ஒரு பிறந்தநாள் விழா. யாராவது கட்டாயம் தன்சானியாவைக் கேட்பார்கள். மூடியைப் பைக்குள் வைத்துவிட்டேன்; அங்கே என் கோப்பைக்குப் பக்கத்தில், நீர் இருக்கும் இடத்தில் வைப்பேன். சிங்கம் ஒன்று, நித்திரை. குரங்கும் ஒன்றுதான்.

அதன் உயரத்தைப் பற்றி மட்டும் நீர் ஒன்றும் சொல்லக் கூடாது.