உப்புப் போட்ட நீலம்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, அந்த இருமல் விட்டு, நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். போன வாரம் வீடியோவில் பேசும்போது அப்பாவின் இடது கை ஏன் நீலமாக இருக்கிறது, டாக்டரிடம் காட்டினீர்களா என்று பதறினாயே, அது நோயும் இல்லை நொடியும் இல்லை, வெறும் பெயின்ட். போனில் சொல்லலாம் என்றால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி திருத்துவார், நான் செய்த தப்பை மட்டும் இரண்டு தடவை சொல்லுவார். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உன் தங்கை ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு நம் முன்னறையில் குழந்தைகள் காப்பகம் ஆரம்பித்தது உனக்குத் தெரியும். ஆரம்பித்த அன்றிலிருந்து நாலு மாதமாக உன் அப்பா அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை என்பது தெரியாது. இத்தனை படிச்சது ஊரார் பிள்ளைக்கு மூக்குச் சிந்தி விடவா, ஆறே மாசத்துல மூடிட்டு வந்து நிக்கப்போறே என்று அவளிடம் ஒரு நாள் சொன்னார், அதோடு பேச்சு நின்றது. தெருவுக்குப் போக வேண்டுமென்றால் சமையலறைப் பின்கதவைத் திறந்து, குப்பைத்தொட்டியைச் சுற்றிக்கொண்டு போவார். முப்பத்தைந்து வருஷம் அடுத்தவர் வீட்டுச் சுவருக்கெல்லாம் பெயின்ட் அடித்த மனிதர், சொந்த வீட்டு முன்வாசலை மறந்துவிட்டார். அவள் மட்டும் இறங்கி வருவாளா, அவர் பெற்ற பெண்தானே. நடுவில் நான், இரண்டு பக்கமும் தூது போய்ப் போய் என் முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம்.

காப்பகத்தில் எட்டுக் குழந்தைகள். அதில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, அவளுக்கு அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்தே கரையான் என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார். சாக்பீஸ், செருப்பு வார், உன் பழைய சதுரங்கப் பெட்டியில் ஒரு குதிரையின் காது, எதுவும் அவளிடம் தப்பவில்லை. போன மாதம் கடையில் வாங்கிய பச்சை பெயின்ட் ட்யூபைப் பிதுக்கி வாயில் வைத்துக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை, பல்தான் பச்சை. ஆனால் அவள் அம்மா மருந்துக்கடை வைத்திருப்பவர். மறுநாள் காலை அந்த ட்யூபோடு வந்து, அதன் மேல் பொடி எழுத்தில் இருந்ததையெல்லாம் மருந்துச்சீட்டு வாசிப்பதுபோல் மற்ற அம்மாக்கள் காதில் விழ வாசித்தார். இன்னொரு தடவை இவ வாயில பெயின்ட்டைப் பார்த்தேன், வேற இடம் பார்த்துக்குவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். இந்தத் தெருவில் ஒருவருக்குத் தும்மல் வந்தால் அந்தம்மாவைக் கேட்டுத்தான் அடுத்த தும்மல். அவர் மகளை நிறுத்தினால் மற்ற ஏழு பேரும் பின்னாலேயே போய்விடுவார்கள், காப்பகத்துக்குப் பூட்டுத்தான். உன் தங்கை குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காதென்று நினைப்பு. கதவைத் தட்டினேன், அப்பா வாக்கு பலிச்சிடும் போலிருக்கேம்மா என்றாள்.

அப்போதுதான் பெயின்ட்டை வீட்டிலேயே காய்ச்சுவோம் என்று முடிவு செய்தோம். பெரிய வித்தை இல்லை கண்ணா, ஒரு கப் சோளமாவு, நாலு கப் தண்ணீர், சின்னத் தீயில் விடாமல் கிளறினால் கண்ணாடி மாதிரி வரும், இறக்கி ஆறவைத்து, கேக்குக்குப் போடும் கலரைச் சேர்க்க வேண்டியதுதான். முக்கியமாக இரண்டு பெரிய கரண்டி உப்பு. ஒரு தடவை நக்கினவள் மறு தடவை நக்கக் கூடாது, அதுதான் கணக்கு. நாங்கள் கிளறிக்கொண்டிருந்தபோது உன் அப்பா பின்கதவில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார், பத்து நிமிஷமாக ஒரே பக்கம். கடைசியில் பொறுக்க முடியாமல், அங்க என்ன கஞ்சியா காய்ச்சுறீங்க, கட்டி கட்டியா நிக்குது என்றார், என்னைப் பார்த்து. கட்டி விழுந்த பெயின்ட்டைப் பார்த்துவிட்டு அந்த மனிதரால் சும்மா போக முடியுமா. கரண்டியைப் பிடுங்கினார், மெல்லிய துணியில் வடிகட்டினார், மூன்று கலர் பாட்டிலை வைத்துப் பதினோரு நிறம் கலந்தார். இவ்வளவும் அவளோடு ஒரு வார்த்தை பேசாமல், இந்தச் சிவப்பு இன்னும் இறங்கணும்னு அவகிட்டச் சொல்லு என்று என்னிடம், அவள் ஒரு முழத்தில் நிற்கும்போது.

இனி என் தப்பு. உனக்கே தெரியும், இருபத்தாறு வருஷம் ஆஸ்பத்திரி கேன்டீனில் சமைத்தவள் நான், என் அடுப்பிலிருந்து இறங்கும் எதையும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்காமல் அனுப்பியதில்லை. அவர்கள் இருவரும் அந்தப் பக்கம் போனதும் கை தானாகப் போய்விட்டது. வாயில் வைத்தால், ஐயோ, ஒரே உப்பு. இதையா பிள்ளைகளிடம் கொடுப்பது என்று மனசு கேட்கவில்லை. அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஒரு சட்டி காய்ச்சினேன், உப்பு ஒரு சிட்டிகை, சர்க்கரை ஒரு கப், வாசனைக்கு வெனிலா ரெண்டு சொட்டு. அவர் கலந்த பதினோரு நிறத்தையும் எனக்குத் தெரிந்த மட்டும் கலந்து கிண்ணங்களில் ஊற்றி வைத்தேன். மூச்சு விடவில்லை.

மறுநாள் உன் தங்கை குழந்தைகளின் பெற்றோரையும் வரச்சொல்லியிருந்தாள், புதுப் பெயின்ட்டைக் கண்ணால் பார்க்கட்டும் என்று. தரையில் எட்டு வெள்ளைத்தாள், நடுவில் கிண்ணங்கள். கரையான் மஞ்சளில் விரலை விட்டாள், வாயில் வைத்தாள். இப்போது முகம் சுளிப்பாள் என்று உன் தங்கை சிரித்த முகமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கரையான் கண்ணை மூடினாள், திறந்தாள், பக்கத்துப் பையனிடம், நல்லாருக்கு என்றாள். அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் எட்டும் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்து பந்தி நடத்துகிறதுகள், ஒருத்தன் சிவப்பு முடித்துப் பச்சை கேட்கிறான். தாளில் ஒரு புள்ளி கிடையாது. அந்த நேரம் பார்த்து மருந்துக்கடை அம்மா உள்ளே நுழைகிறார். உன் தங்கை முகத்தில் ரத்தமே இல்லை. நானோ தேள் கொட்டிய திருடன் மாதிரி, வலியும் சொல்ல முடியாது வாயும் திறக்க முடியாது. கிளம்பும்மா என்று அவர் மகள் கையைப் பிடித்துத் தூக்கவும், சமையலறைப் பக்கமிருந்து ஒரு உருவம் பாய்ந்து வந்தது, உன் அப்பா. நாலு மாதமாகக் கால் வைக்காத அறையில் நட்டநடுவில் நின்று, நீலக் கிண்ணத்தில் இடது கையை மணிக்கட்டுவரை விட்டு, அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். இங்க பாருங்க, நானே தின்னுட்டேன், என் பொண்ணு பிள்ளைங்களுக்கு விஷம் வைக்கிறவ இல்ல என்றார், உதடு மீசையெல்லாம் நீலம். பிறகு நாக்கைச் சுழற்றினார். என்னடி இது, இனிக்குது?

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. ஒப்புக்கொண்டேன், வேறு வழி. மருந்துக்கடை அம்மா விரல்நுனியில் தொட்டு நக்கிப் பார்த்து, வெனிலாவா என்று கேட்டார். ஆனால் அவர் சொன்னது நியாயம். பெயின்ட் இனிக்கும்னு பழக்கிட்டீங்கன்னா நாளைக்கு எங்க எந்த டப்பாவைப் பார்த்தாலும் வாய் வைப்பாளே, ஒரு வாரம் பார்க்கிறேன், அதுக்கப்புறமும் நக்கினா நிறுத்திடுவேன் என்றார். பிள்ளை வாயில் நல்லதாக விழ வேண்டும் என்று நினைத்து, பெற்ற பெண் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தேனே.

அன்று மாலையே அடுத்த சட்டி. என்னை அடுப்பிலிருந்து ஆறடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார் அப்பா, உப்பு டப்பா அவர் கையில். போட்டுக் கிளறி, கரண்டியை நீட்டி, உப்பு போதுமா பாரும்மா என்றார். என்னிடம் இல்லை, அவளிடம். நாலு மாதத்தில் முதல் பேச்சு. அவள் வாயில் வைத்து முகத்தை அஷ்டகோணலாக்கி, போதும்ப்பா என்றாள். வெங்காயம்கூட நறுக்கவில்லை, எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்த ஒரு வாரமும் உன் அப்பா முன்னறைத் தரையில், முட்டி வலியோடு, கரையான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். முதல் நாள் அவள் ஆசையாக நக்கினாள், ஏமாற்றிவிட்டாயே என்று அவரை ஒரு பார்வை பார்த்தாள், நாக்கை அவர் சட்டையில் துடைத்துக்கொண்டாள். இரண்டாம் நாள் எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு நக்கு. மூன்றாம் நாளிலிருந்து விரல் தாளுக்குப் போனது. வாரக் கடைசியில் அவள் அம்மா வந்து ஒரு மணி நேரம் அசையாமல் நின்று பார்த்தார். கரையான் தாள் நிறைய ஒரு பெரிய நீல வட்டம் போட்டாள். இது என்னடி என்று கேட்டதற்கு, தாத்தா வாய் என்றாள். அந்தம்மா சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். அடுத்த மாதம் அவர் தம்பி மகனும் சேருகிறான், ஒன்பது.

பத்து நாள் முன்னால் அப்பா ஒரு பலகை எழுதி முன்வாசலில் மாட்டினார், உன் தங்கை பெயரும் காப்பகம் என்ற வார்த்தையும், அச்சடித்த மாதிரி எழுத்து. கீழே மூலையில், குழந்தைக்கு எட்டும் உயரத்தில், அவருடைய இடது கையை நீலத்தில் பதித்திருக்கிறார். முப்பத்தைந்து வருஷத்தில் எத்தனை சுவர் அடித்தார், ஒன்றிலாவது அடையாளம் வைத்தாரா? மாவுப் பெயின்ட்டாச்சே, மழை பெய்தால் கரைந்துவிடுமே, அலமாரியில் எனாமல் பெயின்ட் இருக்கே என்றேன். எனாமலைக் கரையான் நக்கிட்டா விஷமாச்சே, இது கரைஞ்சா மறுபடி வைக்கிறேன், கை என்ன வாடகைக்கா வாங்கினேன் என்றார். அன்றிலிருந்து தினமும் மழை, தினமும் புது நீலம். அதனால்தான் கண்ணா அந்தக் கை வெளுக்கவே மாட்டேன் என்கிறது.

தங்கைக்கு நீயாகவே போன் செய்து நாலு நல்ல வார்த்தை சொல், நான் எழுதினதாகக் காட்டிக்கொள்ளாதே. சதுரங்கக் குதிரையைப் பற்றிக் கேட்காதே. ராத்திரி தலை ஈரத்தோடு படுக்காதே. எந்தக் குறையும் இல்லாமல், நீ நினைத்ததெல்லாம் நடந்து, நூறு வயசு நன்றாக இருப்பாய் ராஜா.

உன் அம்மா

அப்பாவையும் இரண்டு வரி எழுதச் சொன்னேன், கை ஈரம் என்றார். கீழே இருக்கும் நீலக் கட்டைவிரல் அவருடையது. பயப்படாதே, உப்புப் போட்டதுதான்.