உடன் இருப்பவர்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முட்டிவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். வயிறுதான் தையல் மிஷினில் இடிக்கிறது.

நேற்று டாக்டரம்மா, "போன தடவை ஆபரேஷன்னாலும், இதை நார்மலா முயற்சி பண்ணலாம். உள்தையல் பிரிய கொஞ்சம் வாய்ப்பிருக்கு. முடிவு உங்களோடது" என்றார். "நார்மலே பாக்கலாம்" என்று வீரமாகச் சொல்லிவிட்டேன். ஆனால் தையல் பிரிவதைத் தினமும் பார்க்கிறவள் அல்லவா நான்?

போன தடவை உள்ளே எப்படி வெட்டினார்கள் என்று தெரிய வேண்டுமாம். பீரோவிலுள்ள ஆபரேஷன் சீட்டை அனுப்பு. கூடவே உன் புடவை ஒன்று, துவைக்காமல்.

படிவத்தில் 'பிரசவத்தின்போது உடன் இருப்பவர்' என்ற இடத்தில், போன தடவை போலவே உன் பெயரை எழுதிவிட்டேன். அவர் கப்பல் வேலையில், உனக்கு இங்கே வர விசா கிடைக்கவில்லை. தெரிந்தும் உன் பெயரை அடிக்கவில்லை.

"எப்ப வருவாங்க?" என்றாள் நர்ஸ்.

"வந்துடுவாங்க" என்றேன்.

ஷிப்டு மணி அடித்துவிட்டது, அம்மா.

உன் மகள்