வாரிக்குள்ள மூணு வூடு

அரியலூர்
17-2-84

அன்பு மவ வேம்புவுக்கு ஒங்கம்மா குஞ்சம்மா வாயால சொல்ல, பக்கத்து வூட்டு அம்சவள்ளி கையால எழுதுறது. செட்டிகொளம் முருகன் புண்ணியத்துல நானும் ஒங்கப்பாரும் ஆடு ரெண்டும் கையி காலு சொகமா இருக்கோம், நீயும் மாப்ளயும் பேரப்புள்ளைங்களும் பம்பாயில அதே மாதிரி இருக்கணும்னு தெனமும் வெளக்கு ஏத்தறப்ப நெனச்சுக்கறேன். நீ போட்ட கடுதாசி செவ்வாக்கெழம வந்துச்சு. எடுத்த எடுப்புலயே, அம்மா நீ கூட்டத்துல சண்ட போட்டியாமே, வூட்டு லிஸ்டுலேர்ந்து ஒம் பேர வெட்டிட்டாங்களாமேன்னு எழுதியிருந்தே. இது யாரு வாயின்னு எனக்குத் தெரியும். ஆலத்தியூர்லேர்ந்து பம்பாய்க்கு வேலக்கி வந்தானே ஒன் சித்தப்பன் மவன் தர்மன், அவன்தான். ரயிலுக்கு நேரமாச்சுன்னு பாதிக் கூட்டத்துல எந்திரிச்சு ஓடுனவன், அந்தப் பாதிய அப்புடியே கொண்டாந்து ஒங்கிட்ட கொட்டிட்டான். மீதிய நான் சொல்றேன், பதறாத. அழுவற சேதி இல்ல, ஆனா ஒரு வரியில சொல்ற சேதியும் இல்ல. அம்சவள்ளி, சின்னம்மா, இந்த இன்லேண்டு லெட்டருல எடம் பத்தாது, சுருக்கமா சொல்லுங்கங்கிறா. இன்னொண்ணு வாங்கிக்கலாம்டி, நீ எழுதுன்னு சொல்லிட்டேன்.

ஐப்பசி மாசத்துலேர்ந்து கடத்தெரு வாசகசாலையில மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கெழம பேச்சு வெக்கிறாங்க. திருச்சியிலேர்ந்து அமிர்தலிங்கம்னு ஒரு ரிட்டயர்டு இஞ்சினியர் சாரு வர்றாரு. டவுனு எப்புடிப் பெருசாவுது, வூடு இல்லாத சனங்க எங்க போறது, எந்தச் சனம் எங்க குடியிருக்குது, இதான் பேச்சு. மொத தடவ நான் போனது பேச்சு கேக்க இல்ல, மழக்கி ஒதுங்க. சுண்டல் குடுத்தாங்க, ஒக்காந்துட்டேன். சாரு நல்ல மனுசன், ஆனா மூணு வார்த்தக்கி ஒருக்கா கண்ணாடியக் கழட்டித் தொடச்சாத்தான் நாலாவது வார்த்த வரும். அப்புடித் தொடச்சுக்கிட்டே, இந்த டவுனக் கட்டுனது யாருன்னு கேட்டாரு. ஒருத்தன் பஞ்சாயத்துங்கிறான், ஒருத்தன் காண்ட்ராக்டருங்கிறான், பின்னாடி ஒரு கெழவன் சிவபெருமான்ங்கிறான். கல்லும் மண்ணும் சொமந்தவங்கதான் கட்டுனாங்க, அவங்களுக்கு இந்த டவுனுக்குள்ள ஒரு வூடு வாடகைக்காச்சும் கெடைக்குதான்னு சாரு கேட்டாரு பாரு, என் வாயில இருந்த சுண்டல் அப்புடியே நின்னு போச்சு. தேரடிக்கிட்ட அந்த ரெண்டு மாடி வூட்டுக்கு, நீ கைக்கொழந்த, ஒன்ன மணல் மேட்டுல சேலயில போட்டுட்டு உச்சி வரைக்கும் கலவ சொமந்தவ நான். பால் காச்சுன அன்னிக்கு வெளிய நிக்க வெச்சு பாயசம் ஊத்துனாங்க. நம்ம தெருன்னு சொன்னா டவுன்ல காலியா இருக்கற வூடு கூட காலி இல்லாமப் போயிடும், ஒனக்குத் தெரியாததா. அதுலேர்ந்து ஒரு பேச்சு விடல நான்.

கொவாரியில லோடு ஏத்தறவங்களும் கட்டட வேலக்காரங்களும் சேந்த நம்ம சங்கத்துக்கு, ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட சர்க்காரு எடம் ஒதுக்கி இருவத்திநாலு வூடு கட்டித் தர்றதா ஆச்சுன்னு போன கடுதாசியில சொன்னேன்ல. லிஸ்டு எழுதுனது சங்கத்துத் தலைவரு தங்கசாமி, மேலத்தெருக்காரரு, லோடுமேன் மேஸ்திரி. மேலத்தெரு ஆளுங்க பதினாறு பேரு மொதல்ல, நம்ம தெரு எட்டுப் பேரு கடைசியில. கேட்டா, சங்கத்துல சேந்த வரிசப்படிதான் எழுதுனேங்கிறாரு. மொத மொத கைநாட்டு வெச்சவளே நம்ம பாப்பாயி அக்காதான், புருசன் இல்லாதவ, அவ நம்பரு இருவத்திநாலு. எனக்கு இருவத்திரண்டு. பந்தியில எங்க ஒக்காந்தா என்ன, எலையில விழுவறது ஒரே சோறுதானேன்னு நானும் விட்டுட்டேன். கடைசி வரிசைக்கு வர்றப்ப வாளி காலியாயிருக்கும்னு எனக்கு ஒறைக்கல பாரு. மாட்டுப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு பேச்சு அந்த எடத்துலயே நடக்கும், எடம் ஒதுக்குன சர்க்காரு ஆபீசரும் வருவாரு, அவரு முன்னாடி எல்லாரும் கைநாட்டு வெக்கணும், வெச்சா அதான் முடிவு, வெக்காதவங்க பேர லிஸ்டுலேர்ந்து அடிச்சுருவாங்கன்னு சொல்லி விட்டாங்க.

வூட்டு பிளான வாசகசாலை செவுத்துல ஒட்டியிருந்தாங்க, நீலக் காயிதம். எனக்கு அது மீன் வலை மாதிரி தெரிஞ்சுது. ஒங்கப்பாரு முப்பது வருசமா கொத்தனாரு, அவருக்கே காயிதத்தப் பாத்தா கண்ணு சொழலுது, மண்ணுல காட்டுனாத்தான் புரியும். சரின்னு அம்சவள்ளியக் கூட்டிட்டுப் போயி நீளம் எவ்ளோ அகலம் எவ்ளோ வாசல் எங்கன்னு படிக்கச் சொல்லி மனசுல வெச்சுக்கிட்டோம். கூட்டத்தன்னிக்கி பொழுது கெளம்பறதுக்கு முன்னாடியே கயிறு, முளக்குச்சி, டேப்பு, ரெண்டு கூடை சுண்ணாம்புத்தூளு எடுத்துக்கிட்டு நானும் ஒங்கப்பாரும் போயிட்டோம். அஸ்திவாரத்துக்கு வானந் தோண்டறதுக்கு முன்னாடி போடுவோம்ல, அதே மாதிரி இருவத்திநாலு வூட்டுக்கும் தரையில கோடு போட்டுப்புடணும்னு. ஆபீசரு திட்டப் போறாருடி, நமக்கெதுக்கு இந்த வேலன்னு ஒங்கப்பாரு மொணங்கிக்கிட்டே வந்தாரு. திட்டுனா காலால அழிச்சுட்டு வந்துருவோம், செவுரா இடிக்கப் போறோம்னேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து அவரு கோடு போட்டா கயித்தோட அந்த முனை என் கையிலதான, எத்தினி பேரு வூட்டுக்குப் புடிச்சிருப்பேன், அன்னிக்கிதான் நம்ம வூட்டுக்குன்னு புடிச்சேன். இருவது நம்பரு வரைக்கும் நல்ல கெட்டித் தரை. இருவத்தொண்ணும் சரியா நின்னுச்சு. நம்ம இருவத்திரண்டாவதுக்குக் கயித்த இழுத்துக்கிட்டே பின்னால போறேன், காலு பொதபொதன்னு எறங்குது. குனிஞ்சு பாத்தா வாரி மணலு. நாம மணல் அள்ளுவமே, அந்த வாரிதான். வருசத்துல பத்து நாளு ஓடும், மிச்ச நாளு காஞ்ச பள்ளமாக் கெடக்கும். காயிதத்துல அந்த வாரியே இல்ல. கடைசி மூணு வூடும் அதுக்குள்ள எறங்கி நிக்குது. ஒங்கப்பாரு அங்க சுண்ணாம்பக் கொஞ்சம் கெட்டியாப் போட்டாரு.

சனம் வந்துச்சு. வேம்பு, நீ இருந்து பாத்திருக்கணும். வெறும் வெள்ளக் கோடுதான், ஒருத்தரு அதத் தாண்டல! எல்லாம் வாசலுக்கு விட்ட எடத்து வழியாத்தான் உள்ள போறாங்க வர்றாங்க. மேலத்தெரு பொன்னம்மா அவ வூட்டு அடுப்படியில நின்னுக்கிட்டு, யாருடி அவ எஞ் செவுத்துல நடக்கறவன்னு ஒருத்திய வெரட்டுறா. ரெண்டு பேரு கோட்டுக்கு அந்தாண்ட ஒருத்தன் இந்தாண்ட ஒருத்தன் ஒக்காந்து பீடிக்கு நெருப்பு வாங்குறானுவ, செவுத்துல ஓட்ட போட்டுட்டீங்களாடான்னு எல்லாம் சிரிக்குது. ஒரு மாடு மட்டும் ஆறு வூட்டு செவுத்த இடிச்சுக்கிட்டு நேராப் போச்சு. ஜீப்புல வந்த ஆபீசரு என்னடா இதுன்னு பாத்தாரு, அவரும் ஒரு வூட்டு வாசக்கோட்டுக்கிட்ட வந்ததும் பூட்ஸக் கழட்டிட்டாரு, அப்புறம்தான் அவருக்கே ஒறைச்சுது. அவங்கவங்க நம்பருக்குப் போயி நில்லுங்கன்னு சொன்னதும் பாப்பாயி அக்கா வாரிக்குள்ள எறங்கி அவ வூட்டு நடுவுல சம்மணம் போட்டு ஒக்காந்துட்டு, எனக்கென்னப்பா ராசாத்தி, தண்ணி எடுக்க வெளிய போவவேணாம், தண்ணியே என்னத் தேடிக்கிட்டு உள்ள வந்துரும்னா. எல்லாரும் சிரிச்சாங்க. அமிர்தலிங்கம் சாரு மட்டும் சிரிக்கல, கண்ணாடியத் தொடச்சாரு.

அங்கதான் நான் புத்தி கெட்டுப் போயி கோவத்த முன்னாடி விட்டுட்டேன். நம்ம தெருவுன்னா வாரியிலதான் எறக்குவீங்களான்னு கத்துனேன். தங்கசாமி விடுவாரா, காஞ்ச மண்ணுல நின்னுக்கிட்டு வெள்ளம் வருதுங்கிறா பாரு, கலவ சொமக்கறவளுக்கெல்லாம் பிளானப் பத்திப் பேச்சா, இந்தம்மா சும்மா இருக்கலேன்னா பேர வெட்டிட்டு வேற ஆளச் சேத்துக்கறோம் சார்னாரு. ஆபீசரும் காஞ்ச எடந்தானேம்மாங்கிறாரு. தர்மன் ரயிலுக்கு ஓடுனது இந்த எடத்துலதான். ஒங்கப்பாரு சேலயப் புடிச்சு இழுக்கறாரு, வா கைநாட்டு வெச்சுட்டுப் போயிரலாங்கிறாரு. இல்லாத வூட்டுக்கு வாரி வூடு மேல்தானேன்னு ஒரு நிமிசம் எனக்கும் தோணுச்சு, பொய் சொல்ல மாட்டேன். அப்ப என்ன நெனச்சேனோ, கோவத்த முழுங்கிட்டு, சரிங்க, நல்ல எடம்னா நல்ல எடந்தான், ஆனா நான் தேர்ந்து எடுத்த மாதிரியும் வேணாம், தலைவரு தேர்ந்து எடுத்த மாதிரியும் வேணாம், முருகன் மேல பாரத்தப் போட்டு திருவுளச்சீட்டு எடுப்போம், யாருக்கு எது வருதோ அதுன்னேன். சாமி சீட்டு வேணாம்னு எவனுக்குச் சொல்ல வாய் வரும். சாரு ஒடனே அதான் சரின்னாரு, ஆபீசரும் தலையாட்டிட்டாரு. சீட்டுப் போட்டுக் குலுக்கறதுக்குப் பொன்னம்மா கொடத்தக் குடுத்துட்டா.

சீட்டுன்னதும் மேலத்தெரு பதினாறு பேரும் ஒண்ணாத் திரும்பி வாரியப் பாத்தாங்க பாரு, அதுவரைக்கும் ஒருத்தன் கண்ணுலயும் படாத வாரி! தங்கசாமி மொள்ள எறங்கிப் போயி மணலக் காலால கிண்டுனாரு, வந்தாரு, ஆபீசர் சார், இது மழக்காலத்துல தண்ணி போற எடமுங்க, எழுவத்தேழு பொயலப்ப இடுப்பளவு போச்சுங்கன்னாரு. ஆமாங்க ஆமாங்கன்னு பொன்னம்மாலேர்ந்து எல்லாரும் சாச்சி சொல்றாங்க. இந்தப் பொயலு அஞ்சு நிமிசத்துக்கு முன்னாடி எங்கய்யா போயிருந்துச்சுன்னு ஆபீசரு கேட்டாரு. அப்புறம் என்ன, ஆபீசரே டேப்போட ஒரு முனையப் புடிச்சாரு, மேட்டுப் பக்கம் தள்ளி மூணு வூட்டுக்கும் எடம் கெடச்சுது, ஒங்கப்பாரு புதுசாக் கோடு போட்டாரு. வாரிதான் போச்சே இனிமே சீட்டு எதுக்குன்னு சில பேரு நழுவப் பாத்தாங்க. சாமி பேரச் சொல்லியாச்சு, எடுத்துத்தான் ஆவணும்னு பாப்பாயி அக்கா கொடத்தக் கட்டிப் புடிச்சுக்கிட்டா. எடுத்தாங்க. அக்காவுக்கு ரோட்டோரத்துல மொத வூடு. நமக்கு ஏழு. எட்டு தங்கசாமிக்கு. கைநாட்ட வெச்சுட்டேன், பேரு பத்திரமா இருக்கு, நீ இனிமே அதுக்காவ அழுது கண்ணக் கெடுத்துக்காத. சாரு வந்து, அடுத்த மாசம் நீங்க பேசணும்மான்னாரு. சுண்டல் போடற வேலன்னா சொல்லுங்க சார், வரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

இப்ப வானந் தோண்டியாச்சு, நம்ம வூட்டுக்கு நானே கல்லு சொமக்கறேன், இடுப்பு வலி தெரியல. போன வாரம் தங்கசாமி வந்து நின்னு பாத்தாரு. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல ஒரே செவுருதான். அதக் கொஞ்சம் கனமாப் போடச் சொல்லலாமா குஞ்சம்மான்னு ஒங்கப்பாரக் கேக்காம என்னக் கேட்டாரு. பிளானுல உள்ளதுதாங்க, நீங்க இருமுனா எங்களுக்குக் கேக்கும், நான் கருவாடு வறுத்தா ஒங்களுக்கு மணக்கும், பழகிக்குவோம்னேன். வெயிலு. அப்புறம் நம்ம பானையிலேர்ந்து ஒரு சொம்பு தண்ணி மொண்டு, அண்ணாந்து குடிச்சுட்டுப் போனாரு. ஒங்கப்பாரு கரண்டிய வெச்சுட்டு என்னப் பாத்தாரு, நான் அவரப் பாத்தேன், மேலத்தெருக்காரரு நம்ம பானையில தண்ணி மொண்டது அதான் மொத தடவ.

அங்க ஒங்க குடிசைங்களயும் வேற எடத்துக்கு மாத்தப் போறதா எழுதியிருந்தியே. நீ படிச்சவ, கையெழுத்தே போடுவ, ஆனா போடறதுக்கு முன்னாடி அந்த எடத்துக்குப் போயி செருப்பக் கழட்டிட்டு நடந்து பாரு. மாப்ளயத் தனியா அனுப்பாத, ஆம்பளைங்க எடம் பாக்கப் போனா ரோட்டத்தான் பாப்பாங்க, தண்ணி போற வழியப் பாக்க மாட்டாங்க. சின்னவளுக்கு சளின்னியே, வெத்தலயில வெளக்கெண்ண தடவி அனல்ல காட்டி நெஞ்சுல போடு. சித்திர கடைசியில பால் காச்சறதா இருக்கோம், மாப்ளய லீவு இப்பவே சொல்லி வெக்கச் சொல்லு. நீயும் மாப்ளயும் பதினாறும் பெத்து கொறையில்லாம இருக்கணும், பேரப்புள்ளைங்க ஆல மாதிரி தழைக்கணும். தர்மனப் பாத்தா, இனிமே கூட்டத்துக்கு வந்தா முழுசா ஒக்காரச் சொல்லு.

இப்புடிக்கு,
ஒன்னப் பெத்தவ குஞ்சம்மா,
ஏழாம் நம்பரு வூடு.