பீருக்கு விட்ட இடம்

என்னங்க,

எழுப்பிக் கேட்டா பேச்சு வளரும், அதான் எழுதி வெச்சிட்டுப் போறேன்.

உங்க பீரெல்லாம் கட்டிலுக்கு அடியில இருக்கு. வெளிச்சம் படக்கூடாது, படுக்க வைக்கக்கூடாது, ஃப்ரீசர்ல வெச்சா பாட்டில் வெடிச்சிடும்னு எனக்குப் பாடமே எடுத்தீங்களே, அதே மாதிரிதான் நிமிர்த்தி வெச்சிருக்கேன்.

அதுக்கு ஃபிரிட்ஜ்ல இடம் பண்ணத்தான் உங்கம்மாவோட இன்சுலினை ஃப்ரீசருக்குள்ள தள்ளியிருக்கீங்க. கல்லா உறைஞ்சு கிடக்கு. உருகினாலும் இனி அது ஊசிக்கு உதவாது.

புதுசு வாங்கப் போறேன். ஊசி போடாம அத்தைக்குச் சாப்பாடு கொடுத்துடாதீங்க. பசிக்குதுன்னாலும் நான் வர்ற வரைக்கும் பேச்சுக் கொடுத்துட்டு இருங்க.

பி.கு. ஃபிரிட்ஜ் ரிப்பேராகி மருந்து கெட்டுப்போச்சுன்னுதான் அத்தைகிட்ட சொல்லியிருக்கேன். "கவலைப்படாதம்மா, என் பிள்ளைகிட்ட சொல்லு, அவன் பாத்துக்குவான்"னு சொன்னாங்க.